குடை பிடித்த தலைவர்

நெடுங்கரைச் சீமையில் ஒரு ராஜா இருந்தார், அப்புறம் இல்லை. செத்துப்போனார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருநாள் காலையில் ஆசனத்தை விட்டு எழுந்தார். "இனிமேல் நீங்களே ஒரு ஆளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அரண்மனைக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஆனைக்கொட்டிலில் போய்க் குடியேறிவிட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. ஏன் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பெண் விவகாரம் என்றார்கள். கடைசியில் சாமியாராகிவிட்டார் என்று முடிவுகட்டினார்கள். அதுதான் எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

ஜனங்கள் கூடிப் பேசி, கை தூக்கி, சாத்தையாவைத் தலைவராக்கினார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர். கை சுத்தம். கொஞ்சம் ரோஷக்காரர். பதவி ஏற்ற கையோடு ஆனைக்கொட்டிலுக்குப் போய், "ஆளுவது எப்படின்னு சொல்லிக் கொடுங்க" என்று கேட்டார்.

"அது எனக்கே தெரியாது. வேணும்னா சும்மா உட்காரச் சொல்லித் தர்றேன்" என்றார் பழைய ராஜா.

அதையாவது கற்றுக்கொள்வோமே என்று சாத்தையா உட்கார்ந்தார். அன்றிலிருந்து வயதில் இளையவர் குரு, மூத்தவர் சீடர்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. சாத்தையாவை ஊர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. இந்த வருஷம்தான் கெட்டது. வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை வயல்களுக்கு ஆவணி பிறப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும் என்று கூட்டத்தில் எழுந்து நின்று வாக்குக் கொடுத்திருந்தார். வாய்க்கால் நடுவில் தூர்ந்து கிடப்பது பிறகுதான் தெரிந்தது. மண்ணை வார ஆட்கள் வரச்சொல்லித் தமுக்கு அடித்துப் பார்த்தார். யாரும் வரவில்லை. தண்ணீர் வராது என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. தெருவில் கடைமடைக்காரர் யாராவது எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். பொய்த்துப்போன வாக்கைக்கூட ஜனங்கள் பொறுத்திருப்பார்கள். இந்த ஒளிந்து திரிவதைத்தான் பொறுக்கவில்லை.

நேற்றைய கூட்டத்தில் கடைமடை வெள்ளையம்மா எழுந்து வந்தாள். காய்ந்துபோன நாற்று முடி ஒன்றை அவர் மடியில் போட்டாள்.

"இந்தா. இதை நீயே நட்டுக்க" என்றாள்.

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலிருந்து ஒரு குரல் கிளம்பியது: "ராஜா இருந்திருந்தா இப்படி நடக்குமா?" அப்புறம் எல்லோரும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள்.

சாத்தையாவுக்குப் பொழுது விடிய வெகுநேரம் ஆனது. விடிந்ததும் அரண்மனைப் பூட்டைத் திறந்து ஒரு பொருளை எடுத்தார். கம்பளியில் சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாக ஆனைக்கொட்டிலுக்குப் போனார்.

குரு வெண்டைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன தலைவரே, சந்து வழியா வர்றீங்க?"

"பெரிய தெருவிலே தலைகாட்ட முடியலை, சாமி."

"கம்பளியிலே என்ன?"

சாத்தையா பிரித்துக் காட்டினார். ராஜா காலத்து வெண்குடை. எலி கடித்து இரண்டு இடத்தில் ஓட்டை. ஓரத்து முத்துக் குஞ்சத்தில் பாதியைக் காணோம்.

"நாளைக்கும் கூட்டம் இருக்கு. அதிலே பதவியை விட்டுடப் போறேன். நீங்க திரும்ப வந்து ஆசனத்திலே உட்காரணும்."

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது. இந்தப் பேச்சைப் பேசாத வாய் இல்லை."

"நீங்க என்ன சொல்றீங்க?"

சாத்தையா தரையைப் பார்த்தார். "எனக்கும் அப்படித்தான் படுது. உங்க காலத்திலே ஒரு குறைன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை."

குரு செம்பைக் கீழே வைத்தார்.

"நானும் கேட்டதில்லை" என்றார்.

செடியிலிருந்து ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

"ஏரி உடைஞ்ச வருஷம் ஞாபகம் இருக்கா, தலைவரே?"

"மறக்க முடியுமா? கீழத்தெரு பூராவும் அடிச்சுக்கிட்டுப் போச்சே."

"உடையறதுக்கு முந்தின மாசம் அங்கே போயிருந்தேன். கரை எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

குரு குடையைக் கையில் வாங்கித் தூசி தட்டினார். ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தார்.

"சரி. வர்றேன்" என்றார்.

மாட்டேன் என்பார், கெஞ்ச வேண்டியிருக்கும் என்று எண்ணி வந்தவர் சாத்தையா. பாரம் இறங்கியது உண்மைதான். ஆனால் இவ்வளவு சுளுவாகவா என்றும் இருந்தது. மனுஷ மனசு அப்படித்தான். வேண்டாம் என்று நாமே நீட்டுவதை மற்றவர் கை நீட்டி வாங்கிக்கொண்டால் நமக்குத் தாங்காது.

"ஆனா ஒண்ணு. உட்கார்றதுக்கு முன்னாடி ஜனங்களைப் பார்க்கணும். இன்னைக்குச் சந்தைதானே? ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

"குடை பிடிக்க ஆள் கூட்டிட்டு வர்றேன், சாமி."

"ஆள் எதுக்கு? நீங்க இருக்கீங்களே."

சாத்தையா குடையை வாங்கி விரித்தார்.

சந்தை இரைச்சல் தெருமுனையிலேயே கேட்டது. அந்த இரைச்சல் சாத்தையாவுக்கு அத்துப்படி. அவர் தலை தெரிந்தால் அது இரண்டு மடங்காகும். இன்றைக்குக் குடையின் நுனி தெரிந்ததும் கீரைக்காரியின் கூவல் பாதியில் நின்றது. பேரம் பேசியவர்கள் வாயை மூடினார்கள். வரிசை வரிசையாகத் தலைகள் குனிந்தன. கோழி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. அதன் மூக்கையும் யாரோ பொத்தினார்கள்.

சாத்தையா பார்த்தார். எங்கு பார்த்தாலும் முதுகு. குடையைப் பிடித்திருப்பது யார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. குடை தானாக நடந்து வந்திருந்தால்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

குரு உளுந்துக் கடை அங்கமுத்துவின் முன்னால் நின்றார். சந்தைக் கூரை ஒழுகுகிறது, சரக்கெல்லாம் நனைகிறது என்று போன வாரம் சாத்தையாவின் வாசலில் நின்று மதியம் வரை சண்டை போட்டவர் இந்த அங்கமுத்து.

"கூரை எப்படி இருக்கு?" என்று கேட்டார் குரு.

"தங்கள் புண்ணியத்திலே ஒரு சொட்டு ஒழுகலை, மகாராஜா."

சாத்தையா நிமிர்ந்து பார்த்தார். கூரை ஓட்டையில் வெயில் கண்ணைக் குத்தியது. பக்கத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்த உளுந்து பூசண வாடை அடித்தது. சொல்ல வந்ததை மென்று விழுங்கிக்கொண்டார்.

அடுத்த வரிசையில் வெள்ளையம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு பித்தளை அண்டா. கல்யாணத்துக்கு வந்த சீர். அதை விற்று வேறு நாற்று வாங்கலாமா என்று வந்திருக்கிறாள் என்பது பார்த்ததுமே சாத்தையாவுக்குப் புரிந்தது.

"அம்மா, வயலுக்குத் தண்ணி வருதா?" என்று கேட்டார் குரு.

வெள்ளையம்மா இன்னும் தாழக் குனிந்தாள். "வருது, மகாராசா. உங்க குடை நிழல்லே எங்களுக்கு என்ன குறை?"

"நாத்து?"

"பச்சைப் பசேல்னு இருக்கு, மகாராசா."

அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு அண்டாவின் விளிம்பில் விழுந்தது.

குரு திரும்பாமலே, சாத்தையாவுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"ஏரிக்கரை கல்லு மாதிரி இருக்குன்னாங்க. நானும் நம்பிட்டு வந்தேன். உடைஞ்ச மறுநாள் அங்கே போய் நின்னேன். வீடு இல்லை, மாடு இல்லை. பெத்த பிள்ளையைப் பறிகொடுத்தவ ஒருத்தி சேத்திலே உட்கார்ந்திருந்தா. என்னம்மா வேணும்னு கேட்டேன். அவளும் இதையேதான் சொன்னா, தலைவரே. ஒரு குறையும் இல்லை மகாராஜான்னு." குரு குடையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார். "அதுக்கு மேலே அந்த ஆசனத்திலே என்னால உட்கார முடியலை."

அதற்கு மேல் சாத்தையாவால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா வெள்ளையம்மா, நேத்துதானே காய்ஞ்ச நாத்தை என் மடியிலே போட்டே? இன்னைக்குப் பச்சைப் பசேல்னு எப்படி ஆச்சு?"

குனிந்திருந்த தலை வெடுக்கென்று நிமிர்ந்தது.

"யாரு, நீயா?" என்றாள் வெள்ளையம்மா. பக்கத்தில் ராஜா நிற்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. "கடைசியிலே குடை பிடிக்கப் போயிட்டியா? நல்ல வேலைதான். ஏன்யா, வாக்குக் குடுத்தியே, எங்கேய்யா தண்ணி? சந்துக்குள்ளே பூந்து பூந்து ஓடறியே, தண்ணியும் அந்தச் சந்துலதான் ஓடுதா?"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ஒரு முதுகு நிமிர்ந்தது. இன்னொன்று நிமிர்ந்தது.

"வாய்க்கால்லே மண்ணு வார ஆள் கூப்பிட்டேனே, ஒருத்தரும் வரலையே" என்றார் சாத்தையா.

"தமுக்கடிச்சுக் கூப்பிட்டே. வந்து நின்னு கூப்பிட்டியா? தமுக்குச் சத்தத்துக்கு ஓடி வர்றதுக்கு இதென்ன ராசா காலமா? நம்மள்லே ஒருத்தன், நம்ம வாசல்லே வந்து நிப்பான்னுதானே உனக்குக் கை தூக்கினேன்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சாத்தையா ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. நின்று முழுக்கக் கேட்டார். சும்மா உட்காரக் கற்றது அன்றைக்குத்தான் உதவியது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்: "தப்பு என்னோடதுதான். வாய்க்கால் தூர்ந்து கிடக்குன்னு எனக்கு ஆடியிலேயே தெரியும். தண்ணி வராதுன்னு உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் ஒளிஞ்சேன்."

சந்தை மறுபடியும் அமைதியானது. ஆனால் இந்தத் தடவை எல்லா முகமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இதைச் சொல்றதுக்கு உனக்கு இத்தனை நாளா?" என்றாள் வெள்ளையம்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சரி, கிளம்பு. முதக் கூடை மண்ணை நீ வாரு. ரெண்டாவது கூடையை நான் வார்றேன். கடைமடை மொத்தமும் மண்வெட்டியோட வந்து நிக்குதா இல்லையான்னு பாரு."

"நாளைக்குக் கூட்டம் இருக்கே."

"அதை வாய்க்கால்லேயே வச்சுக்கலாம். வாயும் பேசட்டும், கையும் வேலை பார்க்கட்டும்."

"வாய்க்காலுக்குப் போற வழியிலே இந்தக் கூரையையும் கொஞ்சம் அண்ணாந்து பார்த்துட்டுப் போங்க, தலைவரே" என்றார் அங்கமுத்து. "பூசணம் பிடிச்ச உளுந்தை உங்க வீட்டுக்கே அனுப்பி வைக்கட்டுமா?"

பின்னாலிருந்து இன்னொரு குரல் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டது. இன்னொன்று சாவடிக் கிணற்றைப் பற்றி. சந்தை பழைய இரைச்சலுக்குத் திரும்பியது. கோழியையும் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

வெள்ளையம்மா அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். விற்கிற யோசனையை அவள் விட்டுவிட்டாள். "வர்றியா, இல்லை குடையோட இங்கேயே நிக்கப் போறியா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். அவள் போனது பெரிய தெரு வழியாக.

சாத்தையா கையைப் பார்த்தார். பிடித்த பிடியில் விரல் மரத்திருந்தது.

"சாமி, இதை என்ன பண்றது?"

குரு குடையை வாங்கி மடக்கினார். கம்பளியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"என்கிட்டே இருக்கட்டும்."

"நாளைக்கு வாய்க்கால்லேயும் திட்டுவாங்க."

"திட்டுவாங்க."

"அதுக்கு அப்புறமும்?"

"அப்புறமும்தான்."

"இப்படியே எத்தனை நாளைக்கு, சாமி?"

குரு சந்தையைப் பார்த்தார். ஒரு முதுகும் தெரியவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"என்னைக்காவது இவங்க உங்களைப் பார்த்து, தங்கள் புண்ணியத்திலே ஒரு குறையும் இல்லைன்னு சொன்னா, அன்னைக்கு ஓடி வாங்க, தலைவரே. குடையைத் தர்றேன்."