மழை எங்கே பெய்கிறது

"இந்தப் பாட்டில் ஒன்றுமே இல்லை, அம்மா" என்றாள் வடிவாம்பாள்.

இலக்கணத்தில் ஊறித் தலை நரைத்தவள் அவள். உரைப்பள்ளியின் ஆசிரியை மெய்யம்மையோ வயதில் இளையவள். மாணவி ஆசிரியையை அம்மா என்பாள். ஆசிரியை மாணவியை அக்கா என்பாள்.

மறுநாள் அவையில் வடிவாம்பாள் அந்தப் பாட்டுக்கு உரை சொல்ல வேண்டும். அந்தப் பாட்டைக் கேட்டு அழாதவர் ஊரில் இல்லை. அவள் கண் மட்டும் கலங்கவில்லை. கல்லுக்கு உரை சொல்லத் தகுதி ஏது என்று முடிவுகட்டி, துணிமூட்டையோடு விடைபெற வந்திருந்தாள்.

"சொல் சொல்லாகப் பிரித்தீர்களா, அக்கா?"

"பிரித்தேன்."

"ஒரு சொல்லாவது உயிர் பிழைத்ததா?"

வடிவாம்பாள் சிரிக்கவில்லை.

"கதவு, விளக்கு, சோறு, மழை. அவ்வளவுதான். ஓர் ஆள்கூட இல்லை. யாரை எண்ணி அழுவது?"

மெய்யம்மை அந்தப் பாட்டைப் பாடினாள்.

சாத்தாத கதவு.
திரி தூண்டிய விளக்கு.
ஆறிப்போன சோறு.
இன்னும் மழை.

பாடி முடித்துக் கேட்டாள்.

"மழை எங்கே பெய்கிறது?"

"வெளியே."

"வெளியே என்று பாட்டில் இருக்கிறதா?"

வடிவாம்பாள் நான்கு அடிகளையும் மனத்துக்குள் துழாவினாள்.

"இல்லை."

"அப்படியானால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

"உள்ளே. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில். வாசலைப் பார்த்தபடி."

"சாரல் அடிக்கிறதே. கதவைச் சாத்தினால் என்ன?"

"எப்படிச் சாத்துவது? அவன் நனைந்துகொண்டு வந்து நின்றால்…"



கப்பலேறிப் போய்த் தகவலே இல்லாத தம்பியைப் பற்றி அவள் வாய்திறந்து பல காலம் ஆகியிருந்தது. பாட்டில் அவன் இல்லை. தம்பி என்ற சொல்லே இல்லை. ஆயினும் நான்கு அடிக்குள் ஒரு வீடு எழும்பியிருந்தது. அதற்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது நுழைந்தோம் என்பது அவளுக்கே தெரியவில்லை.

உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. கன்னம் நனைந்திருந்ததைப் பிறகுதான் உணர்ந்தாள்.

மெய்யம்மை எழுந்து, அவள் கையிலிருந்த மூட்டையை வாங்கி உள்ளே வைத்தாள்.

"நாளைக்கு நீங்கள் உரை சொல்லுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன். அந்த வீட்டின் உட்புறத்தை நான் பார்த்ததே இல்லை."

"நீங்களா, அம்மா?"

"வீட்டில் சொல்லாமல் கிளம்பி வந்தவள் நான். எத்தனை முறை பாடினாலும் மழையில்தான் நிற்கிறேன், அக்கா."