அகழிச் சிறையில் ராஜகுதிரை

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைக் கோதண்டவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்கு யானையைப் பரிசாகத் தருவார். மாலையில், அந்த யானைக்கு அவன் வணக்கம் வைக்கவில்லை என்று நாடு கடத்திவிடுவார். ஒரே மகன் காய்ச்சலில் போன பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றிப்போனது.

மகன் ஏறிய குதிரை கார்மேகம். ராஜாவுக்கு மிஞ்சியது அதுதான். இளவரசனுக்குப் படைத்த நெய்ச்சோறும் வெல்லம் பிசைந்த கொள்ளும் இனி அதற்கே என்று உத்தரவு போட்டார். காலையும் மாலையும் முரசு கொட்டித் தாம்பாளத்தில் வைப்பார்கள். மற்ற வேளையில் பொதிக்குதிரை மாதிரி புல்லில் வாய் வைத்துவிடக்கூடாது என்று அதன் வாய்க்கு வெள்ளிக்கம்பியில் ஒரு வாய்க்கூடை செய்து மாட்டினார்கள்.

குதிரை இளைத்தது. பல்லைக் கடித்தது. சேணவாரை இறுக்கினால் உதைத்தது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. அரண்மனையின் சமையல் பண்டங்களை வைக்கும் உக்கிராணத்தின் தலைவர் அனந்தகிரி, நெய் போதவில்லை என்று சொல்லி இன்னொரு குடம் அனுப்பிவைத்தார்.

குதிரையைப் பார்த்துக்கொண்டவன் காத்தான். அமைச்சர் அரவணையார் அமர்த்திய ஆள். அரவணையார் பேரைக் கேட்டாலே அனந்தகிரிக்கு வயிறு எரியும். ஒருநாள் சபையில் எழுந்து, காத்தான் தீனியைத் திருடித் தின்கிறான், வாய்க்கூடையைக் கழற்றியதும் குதிரை பசி தாங்காமல் லாயத்துக் கூரையின் வைக்கோலைப் பிடுங்கித் தின்கிறது, வந்து பாருங்கள் என்றார்.

ராஜா போய்ப் பார்த்தார். கூரை ஓரம் மொட்டையாகத்தான் இருந்தது. காத்தானின் தலையை எடுக்கச் சொல்லிவிட்டார்.

அரவணையாரும் அந்தக் கூரையைப் பார்த்தார். கூடவே, அதன் கீழே தொடாமல் கிடந்த தாம்பாளத்தையும் பார்த்தார். மகன் நினைவாக ஊட்டுகிற சோற்றையே குற்றம் சொன்னால் ராஜா கேட்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

"மகாராஜா, இவனை வெட்டுமுன் முதல் குற்றவாளியைப் பிடிக்க வேண்டாமா?"

"யார் அது?"

"கார்மேகம். தாம்பாளம் நிறையச் சோறு இருக்க, அதைத் தள்ளிவிட்டுக் கூரையைத் தின்றிருக்கிறது. அரசர் அளித்த சோற்றை மறுப்பவன் ராஜத்துரோகி என்று சட்டம் போட்டது தாங்கள்தான்."

சபை கொல்லென்று சிரித்தது. மகன் போன பிறகு முதல்முறையாக ராஜாவின் உதடும் அசைந்தது. என்ன தண்டனை என்று கேட்டார்.

அகழிச் சிறை என்றார் அமைச்சர். தண்ணீர் வற்றிய கோட்டை அகழியில் தள்ளிவிட வேண்டும். கைதிக்கு அரண்மனைச் சோறு கிடையாது, கிடைத்ததைத் தின்னட்டும். கைதிக்கு வெள்ளி நகையும் ஆகாது, வாய்க்கூடையைக் கழற்றிவிடுங்கள். காவலுக்குக் காத்தான். குதிரை செத்தால் அவன் தலையோடு, அவனை அமர்த்திய தன் தலையையும் எடுத்துக்கொள்ளலாம்.

"அமைச்சருக்குத் தலை கனத்துவிட்டது போல, இறக்கிவைக்க இடம் தேடுகிறார்" என்று அனந்தகிரி சிரித்தார். வாய்க்கூடையை அவரே ஓடிப்போய்க் கழற்றினார்.

அகழி முழுக்க முழங்கால் உயரத்துக்கு அருகம்புல்.

மாதங்கள் சில போயின. ராஜா அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் அனந்தகிரிதான், எலும்பாவது மிஞ்சியிருக்கிறதா பார்க்கலாம் என்று அழைத்துப்போனார்.

கார்மேகம் மினுமினுவென்று நின்றது. காத்தான் சேணவாரை இறுக்கினான். அது உதைக்கவில்லை, மென்றுகொண்டே இருந்தது.

அப்போதுதான் அமைச்சர் உள்ளதைச் சொன்னார். குதிரையின் வயிறு மனித வயிறு போல அல்ல. தின்றாலும் தின்னாவிட்டாலும் உள்ளே புளித்த நீர் சுரந்துகொண்டே இருக்கும். ஓயாமல் புல்லை மென்றால்தான் எச்சில் இறங்கி அதை அடக்கும். வெறும் வயிற்றில் கிடந்த நேரமெல்லாம் அந்த நீர் அரித்தது. மேலே விழுந்த கொள்ளும் வெல்லமும் எரிச்சலைக் கூட்டின. வயிறு புண்ணாகிவிட்டது. கூரையைப் பிடுங்கியது தன் மருந்தைத் தேடித்தான்.

"அப்படியானால் என் உக்கிராணத்துச் சோறு விஷமா?" என்றார் அனந்தகிரி.

"விருந்துதான் ஐயா. விருந்தாளிதான் வேறே ஆள்."

ராஜா அனந்தகிரியைப் பார்த்தார். நாளையிலிருந்து காலைதோறும் இவர் தலையில் புல்லுக்கட்டு வரும், காத்தான் போதும் என்கிற வரைக்கும் என்றார். அமைச்சருக்குத் தன் கழுத்து முத்துமாலையைப் போட்டார். எல்லோரையும் போகச் சொல்லிவிட்டு, அமைச்சரை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

குதிரையின் கழுத்தில் கை வைத்தார்.

"அரவணையாரே, என் பிள்ளையும் கடைசியில் வெறும் கஞ்சிதான் கேட்டான். ராஜா மகன் கஞ்சி குடிப்பதா என்று நான்தான் நெய்ச்சோறு ஊட்டினேன்."

அமைச்சர் குனிந்து ஒரு பிடி அருகம்புல்லைப் பறித்து ராஜாவின் கையில் கொடுத்தார்.

ராஜா கையை நீட்டினார். குதிரை தின்றது.