இடது எருமை தண்ணி குடிக்கல

இதுல வார பொய்யில ஒண்ணுகூட எம் பொய் இல்ல. எல்லாம் கஸ்பார் அண்ணனுக்குச் சொந்தம். பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்த பாவத்துக்கு நான் சொல்லுதேன், அவ்வளவுதான்.

எம் பேரு நசரேன். தூத்துக்குடிக்குத் தெக்க, காயலோரத்துல ஒரு போட் கிளப்புல படகு ஓட்டுதேன். மீன்பிடி படகு இல்ல. பின்னால கயித்தப் பிடிச்சுக்கிட்டுப் பலகையில நின்னு அலையில ஏறிக் குதிக்காங்கல்லா, அதுக்குன்னே செஞ்ச படகு. படகு எவ்வளவு கனமா அமுங்கி ஓடுதோ, பின்னால அவ்வளவு பெரிய அலை எழும்பும். அதுக்காக உள்ள ரெண்டு பக்கமும் பெரிய பிளாஸ்டிக் டேங்க் வச்சிருக்கு. சுவிட்சப் போட்டா பம்ப் ஓடிக் காயல் தண்ணிய உறிஞ்சி டேங்க நிரப்பும். ஆட்டம் முடிஞ்சதும் வெளிய தள்ளிரும். தண்ணியிலயே கெடக்குதுன்னு அதுகளுக்கு நாங்க வச்ச பேரு எருமை. இடது எருமை, வலது எருமை.

சனிக்கிழமையிலருந்து இடது எருமை தண்ணி குடிக்க மாட்டேங்கு. பம்ப் நல்லாத்தான் ஓடுது. ஆனா கால் டேங்கோட தண்ணி நின்னுருது. வலது மட்டும் நிரம்பி, படகு ஒருச்சாஞ்சு ஓடுது. அலை எழும்பல.

இதுல உசுரு போறது ரெக்ஸ்லினுக்கு. இருபது வயசுப் பிள்ள. நாளன்னைக்குச் சென்னையில மாநில அணிக்கு ஆள் எடுக்காங்க. அலையில ஏறி அந்தரத்துல ஒரு முழுச் சுத்துச் சுத்தி நின்னு இறங்கணும். போன வாரம் ரெண்டு தடவ இறங்கிட்டா. படகு சாஞ்சதுலருந்து ஒரு தடவகூட இறங்க முடியல. அன்னைக்குச் செவ்வாக்கிழமை, சாயங்காலம் அவளுக்கு ரயிலு. மத்தியானம் ஒரு மணிக்கு மேல காயல்ல தண்ணி இறங்கிரும், படகு தரை தட்டும். அப்ப மணி பத்தரை.

"சனிக்கிழமையே கம்பெனி ஆளக் கூப்பிடச் சொன்னேன் மாமா," ன்னா ரெக்ஸ்லின். பலகைய மடியில வச்சுக்கிட்டுப் படகுத்துறையில உக்காந்திருந்தா. மொகம் சுண்டிப் போயிருந்துச்சு.

"கம்பெனி ஆளா? எங்கிட்ட படிச்சிட்டுப் போனவன்தான தாயி கம்பெனி வச்சிருக்கான்!" கஸ்பார் அண்ணன் படகுக்குள்ளருந்து தலையத் தூக்குனாரு.

கஸ்பார் அண்ணன் எங்க மெக்கானிக்கு. முப்பது வருசம் வள்ளத்து என்ஜின் பாத்தவரு. கை சுத்தமான கை, அதுல குத்தம் சொல்ல முடியாது. வாய்தான். அதுபோக, இந்தப் படகு மேல அவருக்கு ஒரு கடுப்பு. "தண்ணி உள்ள வந்துட்டா அலறிக்கிட்டு இறைக்கிற சாதிலே நாம. இங்க என்னடான்னா கரண்டப் போட்டு உள்ள ஏத்துதான். வெளங்குமா?" ன்னு தெனமும் ஒரு தடவ சொல்லாம வேலைய ஆரம்பிக்க மாட்டாரு.

மொதல்ல ப்யூஸ் பொட்டியத் தொறந்தோம். ப்யூஸ் நல்லா இருந்துச்சு.

"பாக்கவே வேண்டாம்," ன்னாரு. "ப்யூஸ் போனா எனக்குக் காதுல கேட்டுரும். எங்க மாதா கோயில் திருவிழா அன்னிக்கு, வெடிச் சத்தத்துக்கு நடுவுல, டப்புன்னு ஒரு சத்தம். 'எட்டி, கொழும்பு துறைமுகத்துல ஒரு கப்பலுக்கு ப்யூஸ் போயிட்டுடி' ன்னு எம் பொண்டாட்டிட்ட சொன்னேன். மறுநாளு கப்பல்லருந்தே போன் வருது."

"எத்தன ஆம்பியர்னு சத்தத்துலயே தெரிஞ்சிருக்குமே?" ன்னாரு தவசிமுத்து அண்ணாச்சி. லைப் ஜாக்கெட் எடுத்துக் குடுக்கிற வேலை அவருக்கு. குடுக்காத நேரமெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து கஸ்பார் அண்ணன் வாயப் புடுங்குறது வேலை.

"முப்பது," ன்னாரு அண்ணன், ஒரு நொடிகூட யோசிக்காம.

அடுத்து, தண்ணி உள்ள வார வாயில இருக்க வடிகட்டியக் கழட்டினோம். ஒரு கை பாசி, ரெண்டு சிப்பி. அலசி மாட்டி, சுவிட்சப் போட்டோம். கால் டேங்க் ஏறி நின்னுட்டு.

"பம்ப் பலவீனமா இருக்குமோண்ணே?" ன்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"லே நசரேனு, பம்ப் பலமா இருந்தா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியாது. முன்னால ஒரு மொதலாளி படகுக்கு நான் பம்ப் கட்டிக் குடுத்தேன். சுவிட்சப் போட்டுட்டு வெத்தல போட ஒதுங்கினேன். திரும்பிப் பாக்கேன், காயலக் காணும்! மொத்தத் தண்ணியும் டேங்குக்குள்ள. படகு சேத்துல உக்காந்திருக்கு. ஊர்ப் பயலுவ உள்ள எறங்கி ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட்டே ஆட ஆரம்பிச்சுட்டானுவ."

"யாரு செயிச்சா?" ன்னாரு அண்ணாச்சி.

"முடியல வே. எட்டாவது ஓவர்ல வயரத் திருப்பிக் குடுத்துத் தண்ணிய வெளிய விட்டுட்டேன். மீன எண்ணி விட்டேன், நண்ட எண்ணி விட்டேன். உப்பு மட்டும் டேங்க்ல தங்கிட்டு. ரெண்டு மாசத்துக்கு இந்தக் காயல் தண்ணியில காப்பி போட்டுக் குடிச்சோம். உப்பளத்துக்காரன் சண்டைக்கே வந்துட்டான்."

பேசிக்கிட்டேதான் பம்பக் கழட்டி, உள்ள சுத்துற ரப்பர் விசிறியப் பாத்து, துடைச்சு மாட்டினாரு. விசிறியில பழுதில்ல. குழாயில மடிப்பு இருக்கான்னு கையாலயே தடவிக்கிட்டுப் போனாரு. மடிப்பும் இல்ல. மணி பதினொண்ணே கால்.

"மாமா, அலை எழும்பாட்டி நான் சென்னைக்குப் போயே பிரயோசனம் இல்ல," ன்னா ரெக்ஸ்லின். கொரல் உடைஞ்சிருந்துச்சு.

"அலைய எங்கிட்ட விடு தாயி. ஒருக்க நான் ரெண்டு எருமையும் நிரப்பி அலை எழுப்புனேன் பாரு, பலகையில நின்ன பையன் மேல போனவன் வரவே இல்ல. நாங்க டீ குடிச்சோம், வடை தின்னோம், பேப்பர் படிச்சோம். அப்புறமாட்டு எறங்கி வாறான், கையில ஒரு பிஸ்கட் பாக்கெட். என்னலேன்னா, 'மதுரை பிளேன்ல சன்னலோரம் ஒரு அம்மா இருந்தா மாமா, பசிக்கும்னு நீட்டுனா' ங்கான்."

"பிளேன்ல சன்னல் தெறக்காதே வே!"

"அந்தக் காலத்துப் பிளேன் தெறக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. ரெக்ஸ்லின் சிரிக்கல. எந்திரிச்சுப் படகுக்குள்ள எறங்கி, அவளே சுவிட்சத் தட்டித் தட்டிப் பாத்தா. கால் டேங்க், நின்னுட்டு. கால் டேங்க், நின்னுட்டு. பலகையத் தூக்கித் தரையில போட்டா.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியல மாமா. தெரியலன்னு சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேன்ல!"

கஸ்பார் அண்ணனுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துட்டு.

"எனக்கா தெரியல? எட்டி, இந்தப் படகு இன்னைக்கு மெதக்குதுன்னா யாரால? போன வெள்ளிக்கிழமை நான் இல்லன்னா இது காயலுக்கடியில கெடக்கும். நடுக்கடல்ல போயிட்டிருக்கேன், ஒத்தையில..."

"காயல்லன்னீரு?" ன்னாரு அண்ணாச்சி.

"காயல்லருந்து கடலுக்குப் போனேன் வே, குறுக்க பேசாதீரு! போயிட்டிருக்கேன். தென்ன மரம் உசரத்துக்கு ஒரு மயில்மீன். மூக்கு ஈட்டி கணக்கா நீட்டிக்கிட்டிருக்கும்லா. வந்த வேகத்துல படகு வெலாவுல ஒரு குத்து! ஓட்டை விழுந்து தண்ணி பீச்சுது. கட்டவெரல வச்சு அமுக்குனேன். மூணு நாளு, ராவும் பகலும், வெரல எடுக்கல. ஒரு கையாலயே படகையும் ஓட்டிக்கிட்டு..."

"வெள்ளிக்கிழமைக்கு முந்தின மூணு நாளும் எங்கூட உக்காந்து மத்தியானச் சோறு தின்னீரே," ன்னாரு அண்ணாச்சி.

"அது வேற கை. கரை வந்து சேந்து, எம்சீல் பசைய எடுத்துப் பெசஞ்சு அந்த ஓட்டையில வச்சு ஒரு அமுக்கு அமுக்குனேன் பாருங்க! அதுக்கப்புறம் ஒரு சொட்டுத் தண்ணி வரட்டுமே, மீசைய எடுத்துருதேன்."

ரெக்ஸ்லின் மெதுவாத் திரும்பினா.

"எந்தப் பக்கம் மாமா ஓட்டை?"

"இடது பக்கம். மேலாப்புல. துறையில நின்னாலே தெரியும்."

"எவ்வளவு பெருசு?"

"கட்டவெரல் நொழையும். வட்டம்னா அப்படி ஒரு வட்டம். குத்துன மீனு அப்படி."

"சுத்தி ஸ்டீல் வளையம் இருந்துச்சா?"

"இருந்துச்சே! மூக்குத்தி வளையம். பொம்பள மீனுல்லா, கழண்டு அங்கயே மாட்டிக்கிச்சு."

எனக்கு வெளங்கிட்டு. ரெண்டு எருமைக்கும் படகோட வெலாவுல, ஸ்டீல் வளையம் போட்டு, ஒவ்வொரு ஓட்டை உண்டு. டேங்க்ல இருக்க காத்து அது வழியாத்தான் வெளிய போவும். டேங்க் நிரம்பினா மிச்சத் தண்ணியும் அது வழியா பீச்சும். வெள்ளிக்கிழமை காலையில நான் டேங்க நிரப்பும்போது கஸ்பார் அண்ணன் துறையில நின்னு, அந்தப் பக்கமா இருந்த இடது ஓட்டையப் பாத்திருக்காரு. படகுலருந்து தண்ணி பீச்சுனா ஓட்டை, ஓட்டைன்னா அடைக்கணும். முப்பது வருசப் பழக்கம். நாங்க ஆட்டம் முடிச்சுத் தண்ணியத் தள்ளிட்டு வந்ததும், யார்ட்டயும் சொல்லாம, பொறுப்பா அடைச்சிருக்காரு.

"டேங்க் காத்துக்கு வழியில்ல மாமா," ன்னா ரெக்ஸ்லின். "காத்து போனாத்தான தண்ணி ஏறும். நீங்க அதத்தான் அடைச்சிருக்கிய."

கஸ்பார் அண்ணன் படகுலருந்து எறங்கி, துறையில குப்புறப் படுத்து, வெலாவப் பாத்தாரு. வளையம் தெரியாம எம்சீல் மொழுகியிருந்துச்சு. நடுவுல கட்டவெரல் ரேகை பளிச்சுன்னு பதிஞ்சிருந்துச்சு.

"எம்மா, தப்புப் பண்ணிட்டேன்மா," ன்னாரு. பொய் கலக்காத கொரல்ல அவரு பேசி நான் கேட்டதில்ல. எனக்கு அவரப் பாக்கவே சங்கடமா இருந்துச்சு.

"அப்புறம் அழுதுக்கலாம். உளிய எடுங்க," ன்னா அவ.

மணி பதினொண்ணே முக்கால். உளி, சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர். நான் செய்யுதேன்னு சொன்னேன், அண்ணன் விடல. படுத்தபடியே அவருதான் கொத்துனாரு. கல்லா எறுகியிருந்துச்சு. ரெண்டு தடவ உளி வழுக்கி வெரல் மொட்டியில ரத்தம் வந்துச்சு, தொடைச்சுக்கிட்டுக் கொத்துனாரு. அண்ணாச்சிகூட நாற்காலிய விட்டு எந்திரிச்சு வந்து, அவரு தலைக்கு வெயில் படாம ஒரு லைப் ஜாக்கெட்ட விரிச்சுப் பிடிச்சுக்கிட்டாரு.

பன்னெண்டே கால் தாண்டி, அந்த அடைப்பு முழுசாக் கழண்டு அவரு கையில விழுந்துச்சு. உள்ள அடைஞ்சு கெடந்த காத்து புஸ்ஸுன்னு வந்துச்சு. சுவிட்சப் போட்டேன். கால் டேங்க் தாண்டுச்சு. அரை தாண்டுச்சு. முக்கால். அப்புறம் அந்த ஓட்டை வழியா, படுத்துக் கெடந்த கஸ்பார் அண்ணன் மூஞ்சியிலயே தண்ணி பீச்சி அடிச்சுது. அவரு நகரவே இல்ல.

படகு நேரா அமுங்கி நின்னுச்சு. ரெக்ஸ்லின் தண்ணியில குதிச்சா. தண்ணி இறங்க இன்னும் அரை மணி நேரந்தான். மொதல் ஓட்டத்துல விழுந்தா. ரெண்டாவதுலயும் விழுந்தா. மூணாவதுக்கு நான் படகத் திருப்பும்போதே அடியில மணல் மங்கலாத் தெரியுது. வேகத்தக் கூட்டினேன். பின்னால நல்லா மதில் கணக்கா அலை எழும்புச்சு. ரெக்ஸ்லின் ஏறினா, சுத்தினா, பலகை தண்ணியில அறைஞ்சுச்சு, நின்னா! துறையில ரெண்டு பெரிசுகளும் கத்துன கத்துல நாரையெல்லாம் பறந்துட்டு.

கரைக்கு வந்ததும் ரெக்ஸ்லின் நேரா கஸ்பார் அண்ணன்ட்ட போயி, ஈரக் கையோட அவரு மொட்டியப் பிடிச்சுப் பாத்தா. "மருந்து போடுங்க மாமா," ன்னா. அவரு கண்ணு கலங்கிட்டு. மூக்க உறிஞ்சுனாரு.

அப்புறம் அந்த எம்சீல் கட்டிய வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு.

"அண்ணாச்சி, பாத்தியளா? உளியும் சுத்தியலும் வச்சு அரை மணி நேரம்! இதுக்குப் பேருதான் ஒட்டு. வெள்ளிக்கிழமையிலருந்து இன்னைக்கு வரைக்கும் அந்த ஓட்டை வழியா ஒரு சொட்டுத் தண்ணி வெளிய போயிருக்கா? சொல்லும் வே!"

அண்ணாச்சி லைப் ஜாக்கெட்ட ஆணியில மாட்டுனாரு.

"உள்ள போனாத்தான வே," ன்னாரு.