காத்திருக்க மாட்டாத கொக்கு வாத்தியார்

மருதமரத்துக் குளத்தில் கொக்கு வாத்தியார் ஒருவர் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். நீர்நாய்க் குட்டி, ஆமைக் குட்டி, மீன்கொத்திக் குஞ்சு, நீர்க்கோழிக் குஞ்சு எல்லோரும் அங்கே படித்தார்கள். ஓரத்தில் தலைப்பிரட்டைகளுக்கும் ஒரு வரிசை உண்டு. பள்ளிக்கூட நேரத்தில் மாணவர்களைத் தின்பதில்லை என்று வாத்தியார் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

பாடம் கேட்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. கேள்வி கேட்டதும் ஒரு கூழாங்கல்லைக் காலால் நீருக்குள் தள்ளுவார். அலை வட்டமாக விரிந்து கரையைத் தொடுவதற்குள் பதில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தெரியாது என்று அர்த்தம். மூன்று முறை தெரியாமல் போனால் தலைப்பிரட்டை வரிசைதான். அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாகக் கதையே இல்லை.

துள்ளி என்ற நீர்நாய்க் குட்டி படு கெட்டிக்காரி. கல் விழும் முன்பே பதில் சொல்லிவிடுவாள். ஐப்பசி வெள்ளத்தில் அடித்துவந்த ஒரு மரக்கட்டை அவள் தலையில் மோதியது. பத்து நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது அம்மாவைப் பார்த்து, "நீ யாரு?" என்று கேட்டாள்.

அம்மா ஓடைச்சி அழுதாள். அப்புறம் அழுகையை ஓரமாக வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மகளுக்கு மறுபடி நடக்கக் கற்றுக்கொடுத்தாள். நீந்தக் கற்றுக்கொடுத்தாள். இது நாணல், இது நத்தை என்று ஒரு நாளைக்கு ஒன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கார்த்திகை போய், தை போய், மாசியில் துள்ளி தானாகவே கேட்டாள்: "அம்மா, நான் பள்ளிக்கூடம் போகணும்."

ஓடைச்சி அவளைக் கூட்டிப்போனாள்.

"வாத்தியாரே, புள்ளைக்குப் பாடம் தெரியும். ஆனா பதில் உள்ளேயிருந்து வெளியே வர நேரமாகுது. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சத்தம் அவளுக்கு ஆகாது. உச்சிவெயிலுக்குள்ள களைச்சுப்போயிடுவா. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

வாத்தியார் கழுத்தை நீட்டித் துள்ளியின் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "காயம் எங்கேம்மா? முடியெல்லாம் பளபளன்னு முளைச்சிருக்கே."

"வெளியில ஆறிடுச்சு ஐயா. உள்ளே இன்னும் ஆறலை."

"உள்ளே இருக்கிறதை நான் எப்படிப் பார்க்கிறது?" என்று சிரித்தார் வாத்தியார். "சரி, உட்காரச் சொல்லு."

"ஆமை எங்கே முட்டையிடும்?" இதுதான் துள்ளிக்கு வந்த முதல் கேள்வி. அவளுக்குத் தெரியும். பதில் உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது. கல் விழுந்தது. அலை கரையைத் தொட்டது. "மணல்ல" என்று அவள் சொன்னபோது வாத்தியார் அடுத்த பிள்ளையிடம் போயிருந்தார்.

இரண்டாவது கேள்வியும் அப்படியே போயிற்று. மூன்றாவதும் அப்படியே.

"என்ன துள்ளி, பதில் நத்தை மேல ஏறி வருதா?" என்றது மீன்கொத்திக் குஞ்சு. எல்லோரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அந்தச் சத்தம் அவள் மண்டைக்குள் கல்லாக உருண்டது. பாய்ந்து மீன்கொத்தியின் வாலைக் கடித்துவிட்டாள். ஓர் இறகு பிய்ந்து வந்தது.

"படிப்பும் இல்லை, அடக்கமும் இல்லை" என்றார் வாத்தியார். "நாளையிலிருந்து தலைப்பிரட்டை வரிசை. அடிபட்டதைச் சொல்லிச் சொல்லியே சோம்பேறி ஆயிட்டே."

அம்மா கூப்பிட வருவதற்குள் ஆமைக் குட்டியே அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தான். "அத்தை, மூணு கேள்விக்கும் துள்ளி சரியாத்தான் சொன்னா. வாத்தியார் நகர்ந்த அப்புறம் சொன்னா. பக்கத்துல இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு."

துள்ளி அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "அம்மா, நான் முட்டாளா?"

ஓடைச்சிக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

மறுநாள் விடியும்போது வாத்தியார் குளத்தின் ஓரத்தில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். ஓடைச்சி நேராகப் போய் அவர் காலடியில் குதித்தாள். புரண்டாள், உருண்டாள், சேற்றைக் கலக்கினாள். மீன்களெல்லாம் சிதறி ஓடின.

"அடிப்பாவி! இருட்டோட வந்து நிக்கிறேன். எல்லாத்தையும் கலைச்சிட்டியே!"

"எத்தனை மீனுக்காக நிக்கிறீங்க?"

"ஒண்ணு கிடைச்சாப் போதும்."

"ஒத்தை மீனுக்கு ஒத்தைக்கால்ல இவ்வளவு நேரம் நிக்கத் தெரியுது. என் பொண்ணு வாயைத் திறக்கிற வரைக்கும் நிக்கத் தெரியலையா? செத்துப் பிழைச்ச புள்ளை ஐயா அது! பெத்தவளையே யாருன்னு கேட்ட புள்ளை, நாலே மாசத்துல எல்லாத்தையும் திரும்பக் கத்துக்கிட்டு உங்க முன்னால வந்து உட்கார்ந்திருக்கு. நீங்க ஒரு கல்லை உதைச்சிட்டு, தெரியாதுங்கிறீங்க."

"எல்லாருக்கும் ஒரே முறைதான். அவளுக்கு மட்டும் விட்டா, நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. யோசிக்கத்தானே நேரம் கேக்கிறாங்க? தூங்கவா கேக்கிறாங்க?"

"முடியாதுன்னா முடியாது."

"சரி. நானும் இனிமே தினம் விடியக்காலையில இங்கேதான் குளிப்பேன்."

வாத்தியார் யோசித்தார். மனம் இளகியதால் அல்ல, வயிறு காய்ந்ததால். "இன்னைக்கு ஒரு நாள், கல் இல்லாம ஒரு கேள்வி. அதுவும் கஷ்டமான கேள்வி. சொல்லலைன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது."

பள்ளிக்கூடம் கூடியது. "விரால் குஞ்சு பொரிச்சிருக்கு. நீ அந்தப் பக்கம் நீந்திப் போறே. என்ன செய்வே?" என்றார் வாத்தியார்.

துள்ளி நீரையே பார்த்தாள். நேரம் போயிற்று. வாத்தியாரின் கால் தானாகவே கல்லைத் தேடியது. ஓடைச்சி பார்த்த பார்வையில் காலை இழுத்துக்கொண்டார். மீன்கொத்தி வாயைத் திறந்தது. ஆமைக் குட்டி அதை ஓர் இடி இடித்தான்.

"குஞ்செல்லாம் சிவப்பா... கூட்டமா மிதக்கும்" என்றாள் துள்ளி. நின்றாள். மறுபடி தேடினாள். "அழகா இருக்குன்னு கிட்டப் போகக் கூடாது. அடியில தாய் இருக்கும். மூக்கைக் கடிச்சிடும்." இன்னும் கொஞ்ச நேரம். "தூரமாச் சுத்திப் போவேன்."

ஒரு சொல் பிசகில்லை.

அப்போது தலைப்பிரட்டை வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. கால் முளைத்து, வால் மறைந்து, முழுத் தவளையாகியும் அங்கேயே உட்கார்ந்திருந்தான் ஒருவன். "ஐயா, என்கிட்டயும் கல் இல்லாம ஒரு தடவை கேளுங்களேன்."

"என்கிட்டயும்" என்றது அதே வரிசையில் ஒரு வருஷமாக வாயே திறக்காத நீர்க்கோழிக் குஞ்சு.

வாத்தியார் கேட்டார். கேட்டுத்தானே ஆக வேண்டும்? இருவரும் மெதுவாக, சரியாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு கல் விழவில்லை. துள்ளி தன் பழைய வரிசையிலேயே படித்தாள். சில நாள் நேற்றைய பாடம் அடியோடு மறந்துபோகும். ஆமைக் குட்டி திரும்பச் சொல்லுவான். உச்சிவெயிலுக்கு முன்னால் அம்மா வந்து கூட்டிப்போவாள். மீன்கொத்தியிடம் துள்ளி மன்னிப்புக் கேட்டாள். துள்ளியிடம் வாத்தியார் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிள்ளையின் பதிலுக்குக் காத்திருக்க மாட்டாதவர், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லக் கூடாது.