நூறு வயதுக் கிளப்

கருவேலங்கோட்டை ராஜா ரணகேசரிக்குப் பொறாமை வந்தால் முதலில் பசி போய்விடும். அன்று இலையில் வைத்த வறுவல் அப்படியே ஆறிக் கிடந்தது. அரண்மனையே கவலைப்பட்டது.

காரணம் இதுதான். பக்கத்து மருதங்காட்டு ராஜா ஒரு கோல்ஃப் கிளப் வைத்திருந்தார். குச்சியால் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் வெள்ளைக்காரர் விளையாட்டு. விருந்துக்குப் போன நம் ராஜாவின் முதுகில் தட்டி, "எங்கள் கிளப்புக்கு ஐம்பது வயது. உமக்குக் கிளப்பே இல்லையாமே?" என்று கேட்டுவிட்டார்.

மறுநாள் சபை கூடியது.

"நமக்கும் கிளப் வேண்டும். அதற்கு நூறு வயது ஆகியிருக்க வேண்டும். அடுத்த மாதம் கலெக்டர் துரை வருவதற்குள்" என்றார் ராஜா.

திவான் நரசிங்க ராவ் எழுந்தார். வேலி போடும் வேலையெல்லாம் அவர் மைத்துனருக்குத்தான் போகும் என்பது ஊரறிந்த விஷயம். "ஊருக்கு மேற்கே மேய்ச்சல் பொட்டல் இருக்கிறது, மகாராஜா. ஆட்டுக்காரர்களை விரட்டிவிட்டு வேலி போட்டால் கிளப் தயார். வயதை மட்டும் நம் வைரவன் பார்த்துக்கொள்ளட்டும். பெரிய புத்திசாலி ஆயிற்றே."

வைரவன் சபையின் விகடகவி. திவானுக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"சரி. வைரவா, முடியாவிட்டால் நீயும் ஆட்டுக்காரர்களோடு கிளம்பிவிடு" என்றார் ராஜா. வெறும் வயிற்றோடு இருக்கும் ராஜாவிடம் யார் வாதாடுவது?

சாயங்காலம் வைரவன் பொட்டலுக்குப் போனான். ஆட்டுக்காரர்களின் தலைவர் சாத்தையா கீதாரி அவனைக் கண்டதும் கும்பிட்டார். சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது.

"கோடையில இந்தப் பொட்டல விட்டா வேற எங்கயும் பச்சை கிடையாதுய்யா. இம்புட்டு ஆட்டையும் சாகவா விடச் சொல்றீக?"

வைரவன் சுற்றிலும் பார்த்தான். தூரத்தில் நாலு ஆட்டுக்காரர்கள் தழை பறிக்கும் தொரட்டிக் கம்பைத் தலைகீழாகப் பிடித்து, அதன் கொக்கியால் உருண்டைக் கல் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன பண்றாங்க அவங்க?"

"ஆடு மேயிற நேரத்துல வேற என்ன வேலைய்யா? கல்ல அடிச்சுக் குழியில தள்ளுவாக. கம்மி அடியில தள்ளுனவன் செயிச்சான். தோத்தவன் எல்லாருக்கும் கஞ்சி ஊத்தணும்."

"எத்தனை காலமாக?"

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலருந்து."

வைரவன் வாய்விட்டுச் சிரித்தான். "துரை வர்ற அன்னைக்குத் தலைப்பாகையைத் துவைச்சுக் கட்டிக்கிட்டு எல்லாரும் விளையாடுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

ராஜாவிடம் வந்து, "கிளப் தயார், மகாராஜா. துரை வரும்வரை அங்கே ஒருவரையும் விரட்டக் கூடாது. அவ்வளவுதான்" என்றான். இவன் தானாகவே குழியில் விழுகிறான் என்று திவான் உள்ளுக்குள் குதூகலித்தார்.

துரை வந்தார். பொட்டலில் ஆடுகள் மேய்ந்தன. ஆட்டுக்காரர்கள் அடித்த கல் உருண்டு குழியில் விழுந்தது. துரை குதிரையிலிருந்து இறங்கியே விட்டார்.

"எங்கள் ஊரிலும் இந்த விளையாட்டை ஆடு மேய்ப்பவர்கள்தான் தொடங்கினார்கள் என்று என் தாத்தா சொல்வார்" என்றார்.

"இங்கே நூறு வருஷத்துக்கு மேல் நடக்கிறது, துரை. புல் வெட்டும் வேலைகூட எங்களுக்கு இல்லை. ஆடுகள் பார்த்துக்கொள்கின்றன" என்றான் வைரவன்.

துரை சாத்தையாவின் கம்பை வாங்கி ஆடிப் பார்த்தார். தோற்றார். அடுத்த வருஷம் இவர்களோடு ஆடவே வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜா அன்று இரண்டு இலைச் சாப்பாடு சாப்பிட்டார்.

திவான் விடவில்லை. "துரைதான் போய்விட்டாரே. இனி இவர்களை விரட்டிவிட்டு வேலி போடலாம், மகாராஜா."

"தாராளமாக" என்றான் வைரவன். "ஆனால் அந்த நூறு வருஷமும் அவர்கள் ஆடிய நூறு வருஷம். அவர்கள் போனால் அதுவும் கூடவே போய்விடும். நாளைக்கு நம் கிளப்புக்கு வயது ஒரு நாள். மருதங்காட்டார் விசாரிக்க வருவார்."

ராஜாவின் முகம் மாறியது. "வேலியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். அவர்கள் அங்கேயே இருக்கட்டும். நான் கிளப்பின் தலைவராக இருந்துகொள்கிறேன்."

வைரவன் தலையைச் சொறிந்தான். "அதில்தான் ஒரு சிக்கல், மகாராஜா. நூறு வருஷக் கிளப்பில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்தானே தலைவர்? அது சாத்தையா கீதாரி. தாங்கள் இன்னும் உறுப்பினராகவே சேரவில்லை."

ராஜா வைரவனை முறைத்தார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் மீசை துடித்தது. "சரி, கூப்பிடு உன் தலைவரை. என்னைச் சேர்த்துக்கொள்வாரா என்று கேட்போம்."

சாத்தையா வந்தார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டார்.

"மகராசா நல்ல மனுசரு. சேத்துக்கலாம்" என்றார். "ஆனா தோத்தா கஞ்சி ஊத்தணும். அதுல ஆள் பாக்குறதில்ல."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஆடியது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி வைரவனுக்குப் போட்டார். வேலிக்கென்று திவானின் மைத்துனர் வெட்டி வைத்திருந்த கழிகளையெல்லாம் ஆட்டுக்காரர்களுக்கு விளையாட்டுக் கம்பாகக் கொடுத்துவிட்டார்.

மறுநாளே ராஜா ஆடப் போனார். அந்தக் கோடை முழுக்கப் பொட்டலில் அரண்மனைக் கஞ்சிதான்.