மேகம் சொல்ல வந்த மாற்றாள்

முன்னொரு காலத்தில், மேகங்கள் இப்போதைவிடத் தாழ்வாக மிதந்த நாட்களில், ஒரு பெரிய ஏரியின் கரையில் ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே ஒரு விசித்திரமான வழக்கம். முடிசூடிய அரசர் அண்ணாந்து பார்க்கக் கூடாது. அண்ணாந்தால் கிரீடம் நழுவும், கிரீடம் நழுவினால் ராஜ்யமும் நழுவும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அரசர் வசந்தகேதுவுக்குப் பதினான்கு வயதில் முடிசூட்டினார்கள். அதன்பிறகு இருபது வருடங்களாக அவர் வானத்தைப் பார்க்கவில்லை. மரங்களை அவர் பாதிவரைதான் அறிவார். கிளிகளைச் சத்தத்தில் மட்டும் அறிவார். அவர் குளிக்கும் தடாகத்துக்குக்கூட மேலே கூரை உண்டு.

ஒரு நாள் காலை அவர் மாடத்தில் உலாவும்போது நிழல் ஒன்று தரையில் ஊர்ந்து போனது.

"அது என்ன?" என்று கேட்டார்.

"மேகம், மகாராஜா" என்றான் காவலன்.

"எப்படிப்பட்ட மேகம்?"

"வெள்ளை மேகம், மகாராஜா."

"அதை நானே சொல்வேனே!" என்று அரசர் எரிந்து விழுந்தார். "நாளை முதல் தினமும் காலையில் எனக்கு யாராவது ஒழுங்காக மேகம் சொல்ல வேண்டும்."

பலர் வந்தார்கள், பலர் துரத்தப்பட்டார்கள். கடைசியில் தத்தன் என்ற விகடன் வந்தான். மாடத்தின் விளிம்பில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "மேற்கே ஒரு தையல்காரர் ஊசியில் நூல் கோக்கிறார், மகாராஜா. மூன்று முறை தவறிவிட்டது. மனைவியைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிறார். ஆனால் நேற்றுத்தான் இருவருக்கும் சண்டை" என்றான்.

அரசர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு, "கூப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"காற்று வந்துவிட்டது, மகாராஜா. இனி அவர்கள் பாடு."

தத்தனுக்கு வேலை கிடைத்தது. ஆனால் அவன் அரண்மனை ஊழியனாகச் சேரவில்லை. அந்த ராஜ்யத்தில் அரண்மனை ஊழியர் என்றால் கோட்டைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கருவூலம் முதலிலேயே பிடித்துக்கொள்ளும். கருவூல அமைச்சரின் முத்திரை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஒப்பந்தக்காரர் அப்படியல்ல. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். கிடைத்ததில் ஆறில் ஒரு பங்கைத் தானே வரியாகக் கட்டினால் போதும். தத்தனின் வீடு ஏரியின் நடுவே ஒரு திட்டில் இருந்தது. அங்கே அவன் மனைவி நல்லாள் தாமரை பயிரிட்டாள். பயிரை விட்டு அவளால் வர முடியாது, அவளை விட்டு அவனால் இருக்க முடியாது. அதனால் ஓலையில் ஒரே வரி எழுதிக் கையெழுத்திட்டான்: 'மாடத்தில் தினமும் அரசருக்கு மேகம் சொல்லப்படும், தத்தன் சொல்வான், அல்லது தத்தன் அனுப்பும் மாற்றாள் சொல்வான்.'

ஆறு வருடங்கள் போயின. தத்தன் ஒரு நாளும் மாற்றாளை அனுப்பவில்லை. காய்ச்சலில் கிடந்த நாளில்கூடக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து, நடுங்கி நடுங்கி ஒரு நீர்யானையைச் சொன்னான்.

கருவூல அமைச்சர் குணதரருக்கு இது பொறுக்கவில்லை. அவர் ஓலைக்கட்டோடு வாசலில் காத்திருக்க, அரசர் உள்ளே தையல்காரரின் குடும்பச் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, தத்தன் ஒப்பந்தக்காரன் என்று சொல்லிக்கொள்கிறான். மாற்றாளை அனுப்பலாம் என்று ஓலையில் இருக்கிறது. ஆறு வருடங்களில் ஒருவனையாவது அனுப்பினானா? அனுப்பினாலும் தாங்கள் ஏற்பீர்களா? பெயருக்கு எழுதிவைத்த வரி அது! உண்மையில் இவன் அரண்மனை ஊழியன். கோட்டைக்குள் வரட்டும். குறைத்துக் கட்டிய வரிக்கு ஈடாக அந்த ஏரித்திட்டைக் கருவூலம் எடுத்துக்கொள்ளட்டும்."

சபை அரசரைப் பார்த்தது. அரசர் தத்தனைப் பார்த்தார். அவர் முகத்தில் ஓர் ஆசை தெரிந்தது, குழந்தையின் முகத்தில் தெரிவதுபோல.

"தத்தா, உள்ளேயே வந்துவிடேன்" என்றார். "எனக்கு மாலை மேகங்களும் வேண்டும்."

"மகாராஜா, மாலையில் நான் வீட்டு மேகங்களைப் பார்க்க வேண்டும்."

"அப்படியானால் சோதித்துவிடுவோம். நாளைக் காலை நீ கோட்டைக்குள் வராதே. மாற்றாளை அனுப்பு. நான் அவனை ஏற்றுக்கொண்டால் நீ ஒப்பந்தக்காரன். திருப்பி அனுப்பினால் நீ என் ஊழியன்."

"உறவினர் மாற்றாளாக வரக் கூடாது" என்றார் குணதரர் அவசரமாக. "மாற்றாளுக்குக் கூலியும் தத்தனே கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பப்படும் மாற்றாளும் அரண்மனை ஊழியனாகிவிடுவான். இதை ஊர் முழுக்கப் பறையறையச் சொல்கிறேன்."

பறை ஓய்வதற்குள் தத்தனின் நண்பர்கள் எல்லோருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. பொம்மலாட்டக்காரன் சுடலைக்கண்ணு மட்டும் வாய் திறந்து பேசினான். "தத்தா, உனக்காக உயிரைக் கொடுப்பேன். ஆனால் அரசர் திருப்பி அனுப்பப்போவது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கோட்டைக்குள் என் பொம்மைகளுக்கு இடமில்லையப்பா."

தத்தன் வீட்டுக்குப் போனான். நல்லாள் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று தாமரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது கிடைத்தார்களா?" என்றாள்.

"ஒருவரும் இல்லை."

"அப்படியென்றால் நாளையோடு இதெல்லாம் போய்விடுமா?"

தத்தன் குனிந்தான். தண்ணீரையே பார்த்தான். அதில் வானம் தலைகீழாகக் கிடந்தது. அதன் நடுவே அவன் முகம் இருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லாள், நம் கல்யாண உருளி எங்கே?" என்றான்.

மறுநாள் காலை அரசர் மாடத்தில் அமர்ந்திருந்தார். 'திரும்பிப் போ' என்ற இரண்டு சொற்களையும் நாவில் தயாராக வைத்திருந்தார். குணதரர் பக்கத்தில் எழுத்தாணியோடு நின்றார். நல்லாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கூலிக்காரர்கள் ஓர் அகன்ற வெண்கல உருளியைச் சுமந்து வந்து, அரசரின் காலடியில் வைத்துவிட்டு, அடுத்த கணமே படியிறங்கி ஓடிவிட்டார்கள்.

"அம்மா, உறவினர் கூடாது என்று சொன்னேன்!" என்றார் குணதரர்.

"நான் மேகம் சொல்ல வரவில்லை, ஐயா. மாற்றாளைக் கொண்டுவந்து விட வந்தேன்."

"எங்கே அவன்?"

"உருளிக்குள் இருக்கிறார். மகாராஜா குனிந்து பார்க்கட்டும். அண்ணாந்து பார்க்கத்தானே தடை?"

அரசர் ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஏரித்தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதில் துண்டு துண்டாக ஒரு மீசை, ஒரு காது, ஒரு முத்துமாலை. தண்ணீர் மெல்ல அடங்கியது. துண்டுகள் ஒன்றுகூடி ஒரு மனிதராயின. அவருக்குப் பின்னால், எல்லையில்லாமல், நீலம்.

அரசர் மூச்சுவிட மறந்தார். பதினான்கு வயதில் கடைசியாகப் பார்த்தது அது. கொஞ்சமும் மாறவில்லை. ஒரு மேகம் வந்தது.

"யானை" என்றார் மெதுவாக. "இல்லை, யானைக்குட்டி. காது ஒன்று பெரிதாக இருக்கிறது. அதோ, தும்பிக்கை கழன்று போகிறது. தும்பிக்கை தனியாகவே போகிறது, நல்லாள்!"

அவர் நெடுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் ஏறியது. கடைசியில் வானம் வெறுமையானபோது அவர் நிமிர்ந்தார். கண்கள் ஈரமாக இருந்தன.

"மகாராஜா, மேகம் சொல்லியாகிவிட்டது" என்றாள் நல்லாள். "தண்ணீரில் இருப்பவரை ஏற்கிறீர்களா, திருப்பி அனுப்புகிறீர்களா?"

அரசர் உருளியைப் பார்த்தார். உருளியிலிருந்தும் அரசர் பார்த்தார். 'திரும்பிப் போ' என்று யாரிடம் சொல்வது?

"ஏமாற்று!" என்று கத்தினார் குணதரர். "இது செல்லாது, மகாராஜா! மேகம் சொல்கிறவன் எவனானாலும் அவன் அரண்மனை ஊழியனே!"

"எவனானாலுமா?" என்றார் அரசர்.

"எவனானாலும்!"

"இன்று மேகம் சொன்னவன் நான். அப்படியென்றால் நாளை நான் வேட்டைக்குப் போக உம்முடைய முத்திரை வேண்டுமா, குணதரரே?"

குணதரர் எழுத்தாணியைத் தாழ்த்தினார். பிறகு வேறு வழி பிடித்தார். "மகாராஜா, இனி தாங்களே பார்த்துக்கொள்ளலாமே. தத்தன் எதற்கு? வேலையைவிட்டு நீக்கிவிடலாம்."

அரசர் யோசித்தார். நல்லாள் சேலை முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு யானைக்குட்டிதான் தெரிந்தது" என்றார் அரசர். "அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. தத்தனுக்குத் தெரிந்திருக்கும். மாற்றாளை ஏற்றேன். வேலையும் அவனுக்கே. கூப்பிடுங்கள் அவனை!"

கோட்டை வாசலில் நின்ற தத்தனை அழைத்து வந்தார்கள். அவன் வந்ததும் உருளியின் முன் வணங்கி, மடியிலிருந்து ஒரு தாமரைக்காயை எடுத்து அரசரிடம் நீட்டினான்.

"இது என்ன?"

"தங்கள் கூலி, மகாராஜா. மாற்றாளுக்கு நான்தான் கொடுக்க வேண்டும் என்று அமைச்சர் ஆணையிட்டிருக்கிறார்."

அரசர் காயைப் பிளந்தார். பதினெட்டு விதைகள். பிறந்ததிலிருந்து அவர் உழைத்துச் சம்பாதித்த முதல் கூலி அது. ஒன்றை வாயில் போட எடுத்தவர் நிறுத்தினார்.

"ஒப்பந்தக்காரனின் மாற்றாளுக்கு எவ்வளவு வரி?"

"ஆறில்... ஆறில் ஒரு பங்கு, மகாராஜா" என்றார் குணதரர்.

அரசர் மூன்று விதைகளை எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தார். "ரசீது எழுதும்!"

குணதரர் எழுத்தாணியை எடுத்து, ஒப்பந்தக்காரர்களின் வரி ஓலையில் அரசரின் பெயரைத் தத்தனின் பெயருக்குக் கீழே எழுதினார். அதைப் பார்த்ததும் அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து உருளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், தண்ணீரில் இருந்தவரும் சேர்ந்து குலுங்கினார். சிரிப்பு ஓய்ந்ததும் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தத்தனுக்குப் போட்டார்.

"இது பரிசு. இதற்கு வரி கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளும்."

தத்தனும் நல்லாளும் கோட்டை வாசலுக்கு வந்தார்கள். காவலர் விலகி வழிவிட்டார்கள். அவர்கள் படகில் ஏறித் தங்கள் திட்டை நோக்கிப் போனபோது, துடுப்பு பட்ட இடமெல்லாம் வானம் கலைந்தது, பிறகு கூடியது.