கடல் பூதம் ரப்பர் போர்த்திய கதை

கடலில் இருந்தவை கரையில் இருந்தவர்களோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கூப்பிட்டால் அவை படத்திலும் நடித்துக் கொடுக்கும். அப்போது திரவியம் என்று ஒரு படக்காரர் இருந்தார். கையில் காசு கிடையாது, ஆசைக்கு மட்டும் குறைவில்லை. கடலுக்கடியில் ஒரு பூதம் ஆளைப் பிடிக்கிற படம் எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சுறாவைக் கேட்டார், அது பிகு பண்ணியது. திமிங்கிலம் இந்தக் கரையில் ஆழம் போதாது என்றுவிட்டது. கடைசியில் ஆவுளியாவிடம் வந்தார்.

ஆவுளியா என்றால் கடற்பசு. கடலடிப் புல் மேய்கிற சாது. மூச்சுவிட நம்மைப் போல மேலே வந்தாக வேண்டும்.

"பூதமா நடிக்கணும் தாயி" என்றார்.

"எனக்குக் கோவமே வராதேய்யா. சரி, நடிக்கிறேன். எங்க புல்லுத் திட்டுல மட்டும் வலை இழுக்காமப் பாத்துக்கங்க. என் குட்டிக்கு வேற மேய்ச்சல் இல்ல."

திரவியம் சத்தியம் செய்து கொடுத்தார்.

தகரப் பல்லும் பனைநார்ப் பிடரிமயிரும் மாட்டினார்கள். ஆவுளியா மிதந்து மிதந்து மேலே வந்ததால் இடுப்பில் கயிறு கட்டி, அடியில் கிடந்த கல்லின் துளை வழியாகப் படகுக்கு இழுத்தார்கள். இழுத்தால் அடியில் நிற்கும், விட்டால் மேலே வரும். கயிறு படகோட்டி கஸ்பார் கையில் இருந்தது. 'கட்' என்றால் போதும், நிறுத்து என்று படக்காரர்களுக்குத் தெரியும். கஸ்பாருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

திரவியம் கேமராவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். ஆவுளியா வாலை அடித்தது, வாயைப் பிளந்தது. அது நடிப்பில்லை என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும், பாவி மனுஷன், இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்வோமே என்று இருந்துவிட்டார்.

பிறகு பதறிப்போய் "கட்!" என்று கத்தினார். கஸ்பார் கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். "கட்! கட்!" இன்னும் இரண்டு முடிச்சு.

"கட்டிட்டேன் மொதலாளி! இனி அசையாது!"

அவிழ்த்து மேலே கொண்டுவந்தபோது அதற்கு மூச்சில்லை. கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். குட்டி வந்து வயிற்றை முட்டியது.

"போதும்மா. நடிச்சது போதும்மா."

தாயிடமிருந்து பதில் வராததால் குட்டியும் பேச்சை விட்டது. அதைப் பார்த்து மற்றவையும் விட்டன. அப்புறம் ஒரு நெத்திலிகூட நடிக்க வரவில்லை.

எடுத்ததைப் போட்டுப் பார்த்தார் திரவியம். திரை முழுக்க அந்த முகம். பார்க்கப் பொறுக்காமல் அந்தப் பிலிம் துண்டை எரித்தார். ஆனால் சத்தியம் மிச்சமிருந்தது. பூதத்துக்குப் பயந்தாவது சனங்கள் புல்லுத் திட்டுப் பக்கம் வலை கொண்டுவராமல் இருப்பார்கள் என்று நினைத்தார். பழைய ரப்பரைத் தைத்துப் போர்த்திக்கொண்டு, சேற்றைக் கலக்கிவிட்டு, தானே தண்ணீரில் இறங்கிப் படத்தை முடித்தார்.

கொட்டகையில் சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளே புல்லுத் திட்டில் வலை இறங்கியது. குட்டி எந்தப் பக்கம் போனதோ, யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான், காசில்லாத படங்களில் பூதம் ரப்பரைப் போர்த்திக்கொண்டு, முகத்தைக் காட்டாமல், கலங்கல் தண்ணீருக்குள்ளேயே நிற்பது. உள்ளே இருப்பவன் இந்தப் பக்கம் வராதீங்க என்று கெஞ்சிக்கொண்டிருந்தாலும் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வருகிறது.